அடுப்பு எரியாத வெள்ளிக்கிழமை

நாங்கள் குடியிருந்த காம்பராவுக்கும் அடுத்த வீட்டுக் காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர் இருந்தது. சுவர் என்று சொல்வதே அதற்குக் கொடுக்கிற மரியாதைதான். ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் போய், போதும் என்று நின்றுவிடும். கூரைத் தகரத்தைத் தொடாது. அந்த நாளில் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டங்களில் கூலி ஜனங்கள் இருந்த லயங்கள் எல்லாமே அப்படித்தான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே கூரை, ஒரே புகை. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் லயமே தும்மும். ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்றால் மற்ற வீட்டுக்காரர்கள் அவரவர் பாயில் படுத்தபடியே தீர்ப்புச் சொல்வார்கள்.

இப்போது நான் பதுளையில் இருக்கிறேன். நல்ல சுவர், கூரை வரைக்கும் போகிறது. பக்கத்து வீட்டில் யார் சிரித்தார்கள், யார் அழுதார்கள் என்று எனக்குத் தெரிவதே இல்லை. சாயங்காலம் விளக்கை ஏற்றி வைத்து வேதத்தைக் கையில் எடுக்கும்போது, இந்தச் சுவர் ஒரு முழம் குறைந்திருக்கக் கூடாதா என்று ஏக்கமாக இருக்கும். அந்தக் குட்டைச் சுவர் மட்டும் இல்லாவிட்டால் நான் சொல்லப்போகிற எதுவும் நடந்திருக்காது.

என் வீட்டுக்காரர் உபதேசியார். மிஷனில் அவரை மடுல்சீமைப் பக்கம் அனுப்பினார்கள். கல்யாணமான கையோடு மதுரைப் பக்கத்திலிருந்து அவர் பின்னால் வந்தவள் நான். இலங்கைக்குக் கப்பல், அதன் பிறகு ரயில். ரயில் அப்போது பண்டாரவளையோடு நின்றுவிடும். அதற்கு மேல் மாட்டு வண்டி, வண்டி போகாத இடத்தில் கால்நடை. நாங்கள் ஏறி வந்து சேர்ந்த அன்று எங்களுக்கு முன்னாலேயே மேகம் காம்பராவுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. நான் மூட்டையின் மேல் உட்கார்ந்து அழுதேன். அவர், "கர்த்தர் நம்மை உயரமான இடத்தில் வைத்திருக்கிறார்" என்றார். அவர் அப்படித்தான். கறியில் உப்பு இல்லை என்று சொன்னால்கூட அதிலிருந்து ஒரு பிரசங்கம் எடுத்துவிடுவார்.

ஆள் ஒல்லி, குரல் மட்டும் பெரிது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரட்டுக் களத்துக்குப் போவார். மற்ற நாட்களில் விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புகிற இடம் அது. அங்கே நின்று சாராயத்தைக் கண்டித்தும் சூதாட்டத்தைக் கண்டித்தும் பேசுவார். வெயில் காய வருகிற கிழவர் இரண்டு பேரும், கங்காணி வீட்டு நாயும் கேட்பார்கள். வெயில் நகர்ந்தால் கிழவர்களும் நகர்ந்துவிடுவார்கள். நாய் மட்டும் கடைசி வரைக்கும் இருக்கும். மாதக் கணக்கில் இதே கதைதான். அவர் மனம் தளரவில்லை. நான்தான் தளர்ந்துபோனேன்.

ஊர் மனந்திரும்ப வேண்டும் என்ற கவலையெல்லாம் எனக்கு அப்போது இருந்ததில்லை. யாராவது ஒரு பெண் என் வாசலில் வந்து நின்று, இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் என் ஜெபம். ஒருத்தியும் வரவில்லை. அதற்குக் காரணம் ஒரு தண்ணீர்ப் பீலி. மலைச் சரிவிலிருந்து மூங்கில் வழியாகத் தண்ணீர் விழுகிற பீலிகளில் ஒன்றை, உபதேசியார் வீட்டுக்கு என்று கங்காணி தனியாக ஒதுக்கிவிட்டார். மரியாதை செய்வதாக அவர் நினைப்பு. என் வீட்டுக்காரரும் பெருமையாக வாங்கிக்கொண்டார். லயத்துப் பெண்கள் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார்கள். இவர்கள் நம் தண்ணீரைத் தொடமாட்டார்கள், நம் கையால் ஒன்றும் வாங்கிச் சாப்பிடமாட்டார்கள், சாதி பார்க்கிறவர்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நான் குடத்தோடு போனால் விலகி நிற்பார்கள். சிரித்தால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு தலையைக் குனிவார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவளும் அப்படித்தான். எனக்கு ஒன்றிரண்டு வயது இளையவளாக இருப்பாள். கொழுந்து பறிக்கிறவள். புருஷன் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டப் போவான். பிள்ளை குட்டி இல்லை. அவளைப் பற்றி எனக்குச் சுவர் வழியாக எல்லாம் தெரியும். எப்போது எழுந்திருக்கிறாள், எப்போது தேங்காய் உடைக்கிறாள், எந்த நாளில் இருமல் அதிகம், எல்லாம் தெரியும். நேரில் பார்த்தால் ஒரு வார்த்தை கிடையாது. ஒரு கூரைக்குக் கீழே படுத்து எழுந்துகொண்டு இப்படி ஊமைகளாக இருக்கிறோமே என்று எனக்குக் கோபம்கூட வரும்.

முதல் வருஷம் லெந்து என்கிற நோன்பு நாட்கள் வந்தன. சாயங்காலத்து வேத வாசிப்பில் ஆண்டவருடைய பாடுகளை வீட்டுக்காரர் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்து வந்தார். மற்ற நாளில் அவர் வாசிப்பது பள்ளிக்கூடப் பாடம் போல இருக்கும். பாடுகளுக்கு வந்துவிட்டால் ஆள் மாறிவிடுவார். நேற்று நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி வாசிப்பார். நிறுத்துவார். மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி தொடங்குவார். இத்தனை உருக்கமும் பெரட்டுக் களத்தில் எங்கே போகிறது என்று நான் நினைத்துக்கொள்வேன். அங்கே சாராயத்தைப் பற்றியே பேசிப் பேசி, யாருக்காக இந்த மலைக்கு வந்தோமோ அவர் கதையை மனுஷர் ஒரு நாளும் அந்த ஜனங்களுக்குச் சொன்னதில்லை.

அந்த நாட்களில் ஒன்றைக் கவனித்தேன். நாங்கள் வாசிக்கத் தொடங்கியதும் அந்தப் பக்கத்தில் பாத்திரச் சத்தம் நின்றுவிடும். இருமல்கூட வாயைப் பொத்திக்கொண்டு இருமுகிற மாதிரி கேட்கும். அலுத்துப்போய் சீக்கிரம் படுத்துவிடுகிறாள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது, ஆண்டவர் சிலுவையில் மரித்த நாள். எங்களில் அன்றைக்குப் பகல் மூன்று மணி வரை அடுப்பு மூட்டுவதில்லை, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது. வீட்டுக்காரர் இதில் கண்டிப்பு. கல்யாணத்துக்கு முந்தின வருஷம் காய்ச்சலோடு நோன்பிருந்து கோயிலிலேயே மயங்கி விழுந்தவர் என்று அவர் வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். நான் வெள்ளைச் சேலை உடுத்தி, தலையில் பூ இல்லாமல், வாசலோரம் உட்கார்ந்திருந்தேன். அவர் உள்ளே முழங்காலில் இருந்தார். தோட்டத்துக்கு அன்று வேலை நாள். லயத்தில் ஓர் ஈ காக்கை இல்லை என்றுதான் நினைத்தேன்.

மத்தியானக் கொழுந்தை நிறுத்துக் கொடுக்கிற நேரம் இருக்கும். வெளியே நிறையக் காலடிச் சத்தம். எட்டிப் பார்த்தால் லயத்துப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர், தலையில் கம்பளியோடு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு, மலையிலிருந்து அப்படியே இறங்கி வந்து நிற்கிறார்கள். எல்லாருக்கும் முன்னால் பக்கத்துக் காம்பராக்காரி. அவள் இடுப்பில் மட்டும் சாக்கு இல்லை. வேலைக்கே போகவில்லை, அன்றையப் பேரையும் கூலியையும் விட்டுவிட்டாள். கையில் துணி சுற்றிய சட்டி.

"துட்டி கேக்க வந்தோம்மா" என்றாள்.

எங்கள் பக்கத்தில் துட்டி என்றால் சாவு. ஊரிலிருந்து தோட்டத்து ஆபீசுக்குத் தந்தி வந்திருக்கிறது, எனக்கு முன்னால் இவர்களுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அப்பாவா, அம்மாவா என்று தெரியவில்லை.

"யாருக்கு என்ன ஆச்சு? சொல்லுங்க, யாருக்கு என்ன ஆச்சு?" என்று கத்தியே விட்டேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த லயத்தில் என்னைத் தொட்ட முதல் கை அது.

"மறைக்காதீங்கம்மா. செவுத்து வழியா எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். கூட ஒக்காந்து சாப்புட்டவனே காட்டிக் குடுத்துட்டான். ராத்திரில வந்து புடிச்சிட்டுப் போனாங்க. சினேகக்காரனுங்க எல்லாம் ஓடிப்போயிட்டானுங்க. தொரைகிட்ட கொண்டுபோய் நிறுத்துனாங்க. இவரு மேல குத்தமில்லன்னு தெரிஞ்சும் அந்தத் தொரை தண்ணிய ஊத்திக் கையக் கழுவிட்டாரு. நேத்து ஐயா படிக்க முடியாம அழுதாரே, அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இன்னைக்கி விடிஞ்சதுலருந்து அடுப்பும் எரியல."

"தொரைமாருங்க எல்லா எடத்துலயும் அப்புடித்தான்" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. மற்றவர்கள் ஆமாம் என்று முணுமுணுத்தார்கள்.

எனக்குப் புரிந்தது. சாவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், அக்கம்பக்கத்தார்தான் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவர வேண்டும். எங்கள் வீட்டில் புகை வராததைப் பார்த்து, வெள்ளைச் சேலையைப் பார்த்து, சுவர் வழியே கேட்டதையும் சேர்த்துக்கொண்டு, எங்கள் சொந்தக்காரர் ஒருவரை ஊரில் அநியாயமாகக் கொன்றுவிட்டார்கள் என்று வந்திருக்கிறார்கள். சாதி பார்க்கிறவர்கள் என்று விலகிப் போனவர்கள்தான், சாவு என்றதும் அதையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு வந்து நிற்கிறார்கள்.

விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் கேட்டாள்:

"அவரு ஒங்களுக்கு என்ன மொறம்மா?"

நான் விழித்தேன்.

"மொறை தெரியாம எப்புடி அழுவுறது? அண்ணன் மொறையா, மச்சான் மொறையா?"

ஒப்பாரிக்கு முறை வேண்டும். அண்ணனுக்கு அழுகிற மாதிரி கொழுந்தனுக்கு அழ முடியாது. அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். வீட்டுக்காரர் கையில் வேதத்தோடு உள்வாசலில் நிற்கிறார். அத்தனை பெரிய குரல்காரர், வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. ஞானஸ்நானம் வாங்கிய நாளிலிருந்து எத்தனையோ கேள்விக்கு மனப்பாடமாகப் பதில் சொன்னவள் நான். இந்தக் கேள்வியை ஒரு பாதிரியாரும் என்னிடம் கேட்டதில்லை.

"அண்ணன்" என்றேன்.

எனக்குக் கூடப் பிறந்த அண்ணன் கிடையாது. சின்ன வயதில் இருட்டில் பயம் வந்தால், வாய்ப்பாடமான ஜெபத்தை எல்லாம் விட்டுவிட்டு, அண்ணா கூட இருங்க என்றுதான் மனசுக்குள் சொல்வேன். பெரியவளான பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, தாலி கட்டியவரிடம் கூட. அன்றைக்கு அந்த ஜனங்களுக்கு முன்னால் அது தானாக வெளியே வந்துவிட்டது.

"ஒங்களுக்கு அண்ணன்னா எனக்கும் அண்ணந்தான்" என்று சொல்லிவிட்டு அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோள் மேல் கை போட்டு ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். மற்றவர்களும் சுற்றி உட்கார்ந்தார்கள். குத்தமில்லாத அண்ணனைக் கூட்டிக்கொண்டுபோய்க் கொன்றார்களே, பெற்றவள் பக்கத்தில் நின்று பார்த்தாளே, தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்க நாங்கள் இல்லாமல் போனோமே என்று அழுதார்கள். வாசித்தது அத்தனையும் அவள் மனசில் இருந்தது. அதுவரை ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கிழமையும், அழவேண்டிய நாள் என்பதற்காக அழுதவள் நான். அன்றைக்குத்தான் செத்தவருக்காக அழுதேன்.

ஒப்பாரி ஓய்ந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டியின் துணியை அவிழ்த்தாள். கஞ்சி ஆவி பறந்தது. குவளையில் ஊற்றி என் முன்னால் நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது.

"எங்க கையால குடிப்பீங்களாம்மா?"

மூன்று மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. குடித்தால் நோன்பு போச்சு. குடிக்காவிட்டால், இது நோன்பு, இன்ன காரணம் என்று நான் என்ன விளக்கம் சொன்னாலும் அவர்கள் காதில் ஏறாது. நாம் நினைத்தது சரிதான், இவர்கள் நம் கையால் வாங்கமாட்டார்கள் என்று எழுந்து போய்விடுவார்கள். அதன் பிறகு ஜென்மத்துக்கும் என் வாசலில் ஒரு பெண் வந்து நிற்கமாட்டாள். எனக்குக் கை பரபரத்தது. ஆனால் அவரை மீறிச் செய்யத் துணிவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த ஒரு நிமிஷம் நான் அவருக்கு எவ்வளவு பயந்தேன் என்பதை இப்போதும் மறக்கவில்லை.

அவர் வேதத்தை மாடத்தில் வைத்தார். மெதுவாக வெளியே வந்தார். பெண்களுக்கு நடுவில் மண்தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். இரண்டு கையையும் நீட்டி அந்தக் குவளையை வாங்கி, ஒரே மூச்சில் குடித்தார். குடித்துவிட்டு, "அவளுக்கும் ஊத்தும்மா" என்றார்.

நானும் குடித்தேன். உப்பு கொஞ்சம் தூக்கல். அவள் கைக்கு என்றைக்குமே உப்பு தூக்கல்தான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். நோன்பை முறித்ததைப் பற்றி மறுநாள் அவர் எனக்கு ஒரு பிரசங்கம் செய்யப் பார்த்தார். அரிசியைக் களையப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

கஞ்சி குடித்து முடித்ததும், "எடுத்தாச்சா? எந்த ஊருல, எப்ப நடந்துச்சு?" என்று ஒருத்தி கேட்டாள். இனி மறைக்க முடியாது. அந்த ஊர் கடலுக்கு அப்பால் ரொம்பத் தூரம், நடந்தது நம் பாட்டன் பூட்டனுக்கெல்லாம் முந்தின காலம், அவர்தான் நாங்கள் கும்பிடுகிற சாமி என்று சொன்னேன். ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கினாள். வயதான ஒருத்திக்குக் கோபம் வந்துவிட்டது.

"அப்ப நாங்க வேலையப் போட்டுட்டு வந்து யாருக்கு அழுதோம்?"

பக்கத்துக் காம்பராக்காரி சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"அம்புட்டுக் காலமாவா அழுவுறீங்க?"

"வருசத்துக்கு ஒரு நாளுதான் அழுவோம்" என்றேன். "ஞாயித்துக்கெழம அவரு எந்திரிச்சுட்டாரு."

"செத்தவரா?"

"ஆமா."

"யாரு பாத்தா?"

"பொம்பளைங்கதான் மொதல்ல பாத்தாங்க. விடியக் கருக்கல்ல, பொணத்துக்குப் பூசணும்னு வாசன சாமான் எடுத்துக்கிட்டுப் போனாங்க. போய்ப் பாத்தா அங்க பொணம் இல்ல."

அவள் கையிலிருந்த வெறும் சட்டியைப் பார்த்தாள். "நாங்க கஞ்சி கொண்டாந்த மாதிரி" என்றாள்.

"அதே மாதிரிதான்."

மலைக்குத் திரும்பச் சொல்லிக் கொம்பு ஊதினார்கள். மற்றவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டே ஓடினார்கள். அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை. சட்டியில் துணியைச் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கங்காணியோடு ஊரிலிருந்து நடந்து வந்தபோது அவள் இடுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்ததாம். காட்டு வழியில் பேதி கண்டது. ஒரு மரத்தடியில் கையாலேயே தோண்டிப் புதைத்தார்கள். கூட்டத்தோடு போக வேண்டும் என்று உட்கார்ந்து அழக்கூட விடவில்லை. எந்த மரம் என்று இப்போது கேட்டால் தெரியாது.

"எனக்கு யாரும் கஞ்சி கொண்டாரல" என்றாள். "அதான் ஒங்க வீட்டுல பொக வரலன்னதும் என்னால மலைக்குப் போக முடியல."

அவள் புருஷனிடம்கூட அதைப் பேசி அழுததில்லை என்று எனக்குத் தோன்றியது. சுவர் வழியாக ஒரு நாளும் நான் அதைக் கேட்டதில்லையே.

பிறகு தலையை நிமிர்த்திக் கேட்டாள். "அந்த அண்ணன் எந்திரிச்சாருன்னு சொல்றீங்களே, எம் புள்ளைக்கும் அது உண்டாம்மா? பேரு வைக்கல, சாமிக்குக் காட்டல, எந்த எடம்னும் தெரியாது."

வீட்டுக்காரர் பக்கத்தில்தான் இருந்தார். அவர் ஏதாவது சொல்லமாட்டாரா என்று பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேதத்தில் இதற்கு என்ன வசனம் என்று தேடிப் பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை. மனசில் இருந்ததைச் சொன்னேன்.

"எனக்குப் பெருசா ஒண்ணும் தெரியாது. அவரு எந்திரிச்சாரு, அத நம்புறேன். அவரு மட்டும் எந்திரிச்சுத் தனியாப் போற ஆளு இல்ல. ஒம் புள்ள எந்த மரத்தடில இருக்குன்னு ஒனக்குத் தெரியாட்டியும் அவருக்குத் தெரியும். கையப் புடிச்சு எழுப்புவாரு."

"மெய்யாவா?"

"மெய்தான்."

அவள் அழவில்லை. பெருமூச்சு விட்டாள். "சரிக்கா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். காலையில் நான் அவளுக்கு உபதேசியாரம்மா. சாயங்காலத்துக்குள் அக்கா ஆகிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை வீட்டுக்காரர் விளக்கை ஏற்றி, உயிர்த்தெழுந்த பகுதியை எடுத்துத் தொண்டையைச் செருமினார். அதற்குள் சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"அக்கா, அண்ணன் எந்திரிச்சிட்டாரா?"

"எந்திரிச்சிட்டாரும்மா!" என்று அவர் கத்தின கத்தில் லயமே விழித்துக்கொண்டது. அன்றைக்கு அவருக்கு வாசிக்க ஓடவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தார். நான் ஆப்பம் சுட்டுச் சுவருக்கு மேலாக நீட்டினேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. அன்று மத்தியானம் குடத்தை எடுத்துக்கொண்டு எல்லாரும் பிடிக்கிற பீலிக்குப் போய் வரிசையில் நின்றேன். "இன்னைக்கி என்ன கொழம்பு?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அதன் பிறகு அவர் பெரட்டுக் களத்துக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். சாயங்காலம் எங்கள் காம்பராவில் உட்கார்ந்து கொஞ்சம் உரக்க வாசிப்பார். அந்தப் பக்கம் அவள் வீட்டில் பெண்கள் வந்து உட்காருவார்கள். இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேர், அந்தப் பக்கம் சபை. நடுநடுவே சுவருக்கு மேலாகக் கேள்வி வரும். சில கேள்விக்கு அவர் மறுநாள் பதில் சொல்கிறேன் என்று தவணை வாங்குவார்.

அவள் உடனே எங்களோடு சேர்ந்துவிடவில்லை. மாரியம்மன் திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுத்தாள். இவர் முகம் வாடியது. சும்மா இருங்கள் என்று அடக்கி வைத்தேன். "அண்ணன் கோவிச்சுக்குவாராக்கா?" என்று அவளே என்னிடம் கேட்டாள். "எங்கிட்ட ஏன் கேக்குற? அவரையே கேளு" என்றேன். அது அவளுக்குப் பிடித்துவிட்டது. நிரை பிடித்துக் கொழுந்து பறிக்கும்போது அண்ணனோடு பேசிக்கொண்டே போவாளாம். கங்காணி, யாரோடு முணுமுணுக்கிறாய் என்று அதட்டினால், எங்கண்ணன்கிட்ட என்பாளாம். அவளுக்கு அண்ணன் கிடையாது என்று தெரிந்த கங்காணி தலையைச் சொறிந்துகொண்டு போவார். எங்களுக்குப் பதுளைக்கு மாற்றல் வந்த வருஷத்தில் அவளாகவே வந்து ஞானஸ்நானம் கேட்டாள். புருஷனையும் கையோடு அழைத்து வந்திருந்தாள்.

அதுவரை ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கிழமையும் கஞ்சி வந்துவிடும். மூன்று மணிக்கு முன்னால் தரமாட்டாள். சட்டியோடு வாசலில் குந்தி, "நேரமாச்சாக்கா? ஐயாவ மணி பாக்கச் சொல்லுங்க" என்று நச்சரித்துக்கொண்டிருப்பாள். பதுளைக்கு வந்த பிறகு அந்த நாளில் அடுப்பை மூட்டும்போது எனக்கு என்னவோ போல இருக்கும். மூன்று மணிக்கு வாசலைப் பார்ப்பேன்.

வருஷங்கள் போயின. பதுளைக்கு ரயில் பாதை போடப் பாறைக்கு வெடி வைத்துக்கொண்டிருந்த காலம். வீட்டுக்காரர், ரயில் வந்ததும் முதல் ரயிலில் பண்டாரவளை வரை சும்மாவாவது போய்விட்டு வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மழைக் காலத்தில் நெஞ்சில் சளி கட்டியது. ரயிலைப் பார்க்காமலே போய்விட்டார்.

சபையார் வந்தார்கள். ஆளுக்கொரு வசனம் சொன்னார்கள். எல்லாம் எனக்குத் தெரிந்த வசனம்தான். கேட்கக் கேட்க எரிச்சலாக வந்தது. கொண்டுவந்து வைத்த சாப்பாட்டைத் தொடவில்லை. அடக்கம் முடிந்து வந்தவர்கள் எல்லாம் போன பிறகும் அடுப்பை மூட்டவில்லை. கர்த்தரோடு எனக்குப் பேச்சு வார்த்தை இல்லை. அண்ணா என்று கூப்பிட வாய் வரவில்லை. அந்த நல்ல சுவர்களுக்கு நடுவில் நான் கிடந்தேன். ஒருவருக்கும் கேட்கவில்லை.

ஒரு சாயங்காலம் வாசலில் நிழல் தெரிந்தது. கம்பளியும் நனைந்த சேலையுமாக அவள் நின்றாள். தலை பாதி நரைத்திருந்தது. தேயிலைப் பெட்டி ஏற்றிப் போகிற வண்டிக்காரன் சொல்லிக் கேள்விப்பட்டாளாம். மடுல்சீமையிலிருந்து பசறை வழியாக நடந்தே வந்திருக்கிறாள். கையில் துணி சுற்றிய சட்டி.

உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோளில் கை போட்டாள். ஒப்பாரி தொடங்கப் போகிறாள் என்று நினைத்தேன். தொடங்கவில்லை.

"அழுவலையா?" என்று நானே கேட்டேன்.

"வழியெல்லாம் அழுதுட்டேங்க்கா" என்றாள். சட்டியை அவிழ்த்து ஊற்றினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் சண்டை பிடிக்கிறவள் மாதிரி கேட்டாள்:

"அன்னைக்கி எம் புள்ளைக்குச் சொன்னீங்களே அக்கா, அது பொய்யா?"

நான் சுவரைப் பார்த்தேன்.

"சொல்லுங்க. இத்தன வருசமா அத நம்பித்தான் நான் உசுரோட இருக்கேன். பொய்யின்னா இப்பவே சொல்லிருங்க."

அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதையும் சொல்ல முடியாது.

"மெய்தான்" என்றேன்.

"எம் புள்ளைக்கு மெய்யின்னா ஐயாவுக்கும் மெய்தானே? குடிங்க."

குவளையை இரண்டு கையாலும் வாங்கினேன். இருபது மைல் மழையில் வந்த கஞ்சி ஆறிப்போயிருந்தது. உப்பு தூக்கல். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.